அடி வாங்க ஓர் ஆள்

ஐந்து பேர் சேர்ந்து இறங்கும் ஆன்லைன் சண்டை விளையாட்டில் ஒருவர் டேங்க். கவசம் அவருக்கு, கேடயம் அவருக்கு, பூதம் அடிக்கும் அடியும் அவருக்கே. ஹீலர் பின்னால் நின்று அவருடைய உயிரை ஏற்றிக்கொண்டே இருப்பார். மற்ற மூவரும் அந்தத் தெம்பில் பூதத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று நெடுஞ்சாலையை ஒட்டிய எந்த ஊரிலும் மாலை நேரத்தில் போனை இரு கையாலும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பையன்களைக் கேட்டால் இதை இன்னும் விரிவாகவே சொல்வார்கள். அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்துக்கும் குறைவில்லை. டேங்க் ஒரு லெவல் ஏறுகிறார், கையில் ஒரே ஒரு ஸ்கில் பாயிண்ட். அதை எதில் போடுவது? உயிரின் அளவைக் கூட்டுவதிலா, கேடயத்தால் தடுப்பதிலா, எதிரியைச் சீண்டித் தன்மேல் பாய வைப்பதிலா?

அந்த ஒற்றைப் புள்ளி நம் கைக்கு வந்த வழி மிக நீளம். பிரஷ்ய ராணுவம், இரும்புக் கப்பல்கள், கோபன்ஹேகன் மாணவர்கள் எல்லோரையும் தொட்டுக்கொண்டுதான் அது வந்திருக்கிறது. கதையை எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் களியக்காவிளைப் பக்கமே கை காட்டுவேன்.

விளவங்கோடு வட்டத்தில் அதங்கோடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கேரள எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில் தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டுத் தெளிந்தவர் அதங்கோட்டாசான் என்று நூலின் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசானின் ஊர் இதுதான் என்பது இந்த வட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. அவர் கேட்ட நூலின் புறத்திணைப் பகுதியில் போர்க்களத்து வேலைகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரிடப்பட்டிருக்கின்றன. பகைவர் தம் அரசனை மொய்த்துக்கொண்டதைப் பார்த்து, வேறிடத்தில் போரிட்டுக்கொண்டிருந்த ஒரு வீரன் திரும்பிப் பாய்ந்து அவர்களை எறிவதற்குத் தார்நிலை என்று பெயர். உடைந்து ஓடும் படையின் பின்னணியைத் தாங்கி ஒருவன் தனியே நிற்பதற்கு எருமை என்றே பெயர். பின்னாளில் புறப்பொருள் வெண்பாமாலை அதை எருமைமறம் என்றது. அந்த நூலைச் செய்த ஐயனாரிதனார் சேரர் மரபில் வந்தவர் என்பார்கள். கோட்டையைக் காத்து நிற்பதற்கு அவர் நொச்சி என்று தனித்திணையே வகுத்தார். வெல்வதை மட்டும் பாடாமல், முன்னால் நின்று தாங்குவதையும் தனித்தனி வேலையாகப் பிரித்துப் பார்த்த கண் அது. தார்நிலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது வெகுதூரத்தில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், மறுபடி முளைக்கப் போகிறது.

படையை நான்காகப் பிரித்துப் பலகையில் வைத்தவர்களும் இந்த நாட்டார்தான். யானை, தேர், குதிரை, காலாள். சதுரங்கம் பாரசீகம் போய், அரபு வணிகர்களின் கையேறி, ஸ்பெயின் வழியாகவும் இத்தாலி வழியாகவும் ஐரோப்பாவுக்குள் புகுந்த கதை எல்லோரும் அறிந்தது. போகும் வழியில் யானை பாதிரியானது, மந்திரி ராணியானார். ஒன்று மட்டும் மாறவில்லை. சதுரங்கத்தில் தொட்டால் காய் போய்விடும். ராஜாவுக்கு முன்னால் சிப்பாயை நிறுத்தலாம், ஆனால் அந்தச் சிப்பாய் இரண்டாவது அடியைத் தாங்காது. அடி வாங்கியும் நின்றுகொண்டிருக்கும் காய் என்ற எண்ணம் பலகைக்கு வர இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது.

களத்திலோ அப்படி நிற்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். நெய்யாற்றின்கரை முதல் கல்குளம் வரையிலான பழைய தென் திருவிதாங்கூரில் வளர்ந்த களரிக்கு அடிமுறை என்றும் அடிதட என்றும் பெயர். வடக்கே மலபாரில் பரசுராமர் பெயரைச் சொல்வார்கள், இங்கே அகத்தியர். அங்கே சொல்லித் தருபவர் குருக்கள், இங்கே ஆசான். வடக்கன் முறையில் மெய்ப்பயிற்சி, கோல், இரும்பு ஆயுதம் என்று ஏறிக் கடைசியில்தான் வெறுங்கைக்கு வருவார்கள். தெக்கன் முறையில் வெறுங்கைதான் முதல் பாடம். சுவடு வைக்கவும், வரும் அடியைக் கையால் தட்டிவிடவும், பிடித்துப் பூட்டுப் போடவும் பழகிய பிறகே கம்பும் வாளும் கைக்கு வரும். நாடார், நாயர், ஈழவர் என்று பல குடிகளிலும் ஆசான்மார் இருந்தார்கள்.

வாளும் பரிசையும் எடுத்து இருவர் இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பரிசை என்னும் கேடயம் சிறியது, வட்டமானது. அதற்குப் பின்னால் முழு உடம்பையும் மறைக்க முடியாது. அதனால் ஆள் தாழ்ந்து, முழங்கால் மடங்கி, கண் மட்டும் பரிசையின் விளிம்புக்கு மேலே தெரியும்படி நிற்பார். எதிராளியின் தோள் அசையும்போதே பரிசை புறப்பட்டுவிடும். வாள் வந்து சேரும்வரை அது காத்திருப்பதில்லை, வெட்டு கிளம்பும் இடத்துக்கே போய் அதை முட்டும். அதே நொடியில் வாள் கீழே எதிராளியின் காலைத் தேடும். அடுத்த வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைப் பரிசைக்காரர்தான் தீர்மானிப்பார். ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவார், எதிராளி ஆசைப்பட்டு அங்கேயே வெட்டுவார், பரிசை ஏற்கெனவே அங்கே இருக்கும். சீண்டி இழுப்பது என்ற திறனுக்கு இதைவிடத் தெளிவான செயல்முறை விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆசான்மாருக்கு இன்னொரு பாதி உண்டு. உடம்பில் 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்தவருக்கே எங்கே தொட்டு, தடவி, எழுப்பி உட்கார வைப்பது என்பதும் தெரியும். மயங்கி விழுந்தவரை மீட்க அடங்கல் என்று தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் இன்றும் இந்த ஊர்களில் வர்ம ஆசானிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய விளையாட்டுக்காரர்கள் டேங்க், ஹீலர், அடிப்பவர் என்று மூன்று ஆளாக வெட்டிப் பிரித்திருக்கும் வேலைகளை இங்கே ஓர் ஆசான் ஒரே உடம்பில் சுமந்தார்.

பரிசை களத்தை விட்டு ஒதுங்கிய கதையும் இங்கேதான் தொடங்குகிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பலாமரம். பகைவர்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து பிழைத்தார் என்பது செவிவழிக் கதை. ஒளிந்து பிழைத்தவர் 1729இல் திருவிதாங்கூர் அரசரானார். 1741இல் அவர் படை குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார், படைக்குத் துப்பாக்கியும் வரிசையாக நின்று சுடும் ஐரோப்பியப் பயிற்சியும் கொடுத்தார், 1777இல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

துப்பாக்கிக் குண்டைப் பரிசை தாங்காது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கிய பிறகு திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. வாளும் பரிசையும் களத்தை விட்டுக் களரிக்குள்ளும் கோயில் திருவிழாவுக்குள்ளும் ஒதுங்கின. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி விழாவில், கிழக்கு நடையில் பாண்டவர்களின் பெரிய உருவங்களுக்கு எதிரே வண்ணப் பரிசை ஏந்தி ஆடும் வேலகளி அப்படி மிஞ்சியதுதான்.

பரிசை இங்கே மெல்ல ஒதுங்கிய அதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு கணக்கு வாத்தியார் சதுரங்கப் பலகையை விரித்துக்கொண்டிருந்தார். பிரன்ஸ்விக் நகரில் பிரபுவின் அவையில் பாடம் சொல்லித் தந்த ஹெல்விக், 1780இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகை ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் ஒரு நிலம். மலை, சதுப்பு, ஆறு. குதிரையும் பாதிரியும் போய்க் குதிரைப்படையும் பீரங்கியும் வந்தன. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, இழுப்பறைகள் வைத்த பெரிய மேசையாகவே ஒரு போர் விளையாட்டைச் செய்து பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். 1824இல் அவருடைய மகன் அந்த மேசையைத் தூக்கி ஓரம் வைத்து நிலப்படத்தை விரித்தார், பகடையைச் சேர்த்தார், நடுவர் ஒருவரை உட்கார வைத்தார். எந்தப் படைக்கு எவ்வளவு இழப்பு என்று அட்டவணை போட்டார். அந்த அட்டவணையால்தான் ஒரு காய் அடி வாங்கிக் குறைந்து, ஆனாலும் பலகையிலேயே நிற்க முடிந்தது. பிரஷ்ய ராணுவத் தலைமை அதை அதிகாரிகளின் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது.

நடுவரை மறக்க வேண்டாம். யார் யாரை அடிப்பது பொருத்தம், எது நடக்கக்கூடியது என்று தன் அறிவால் தீர்ப்புச் சொல்லும் மனிதர் அவர். அவர் இருந்தவரை டேங்குக்குத் தனித் திறன் தேவைப்படவில்லை.

அடுத்த திருப்பத்தில் ஓர் எழுத்தாளர். எச். ஜி. வெல்ஸ் 1903இல் ‘நில இரும்புக் கப்பல்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறுகதை எழுதினார். அகழிகளின்மேல் ஏறிப் போகும் இரும்பு எந்திரங்கள் அதில் வந்தன. பத்தாண்டு கழித்து, 1913இல், பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி ஆடும் ‘குட்டிப் போர்கள்’ என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டதும் அவரே. வில் வைத்துச் சுடும் பொம்மைப் பீரங்கிதான் அந்த ஆட்டத்தின் உயிர். அதுவும் கடற்படைப் பீரங்கியின் நகல்.

1915 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் பொறுப்பிலிருந்த சர்ச்சில் நிலக் கப்பல் குழு என்று ஒன்றை அமைத்தார். லிங்கன் நகரத்து ஆலையில் அந்த எந்திரம் உருவானபோது, ரகசியம் வெளியே போகாமல் இருக்கத் தண்ணீர் சுமக்கும் டேங்க் செய்கிறோம் என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. சாக்குக்குச் சொன்ன பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

கப்பல் மறுபடியும் வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1960களின் கடைசியில் போர் விளையாட்டுப் பித்துப் பிடித்த இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களில் டேவிட் வெஸ்லி பல்கலைக்கழக நூலகத்தில் 1880ஆம் ஆண்டு ராணுவப் பயிற்சி நூல் ஒன்றைத் தற்செயலாகக் கண்டார். அமெரிக்க அதிகாரி டோட்டன் எழுதியது. பிரஷ்ய நடுவர் அந்தத் தூசு படிந்த புத்தகத்தில் உயிரோடு இருந்தார். வெஸ்லி 1969இல் ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதில் ஒவ்வொருவரும் படையை நடத்தாமல் ஒரே ஒரு மனிதராக ஆடினார்கள். கூட்டத்திலிருந்த டேவ் ஆர்னிசன் அதைப் பிடித்துக்கொண்டு, கோட்டையும் நிலவறையும் பூதமும் நிறைந்த பிளாக்மூர் என்ற உலகத்தை உண்டாக்கினார்.

அங்கே ஒரு சிக்கல். தொடக்கத்தில் அவர் இரவல் வாங்கிய விதிகளில் ஓர் அடி விழுந்தால் ஆள் காலி, சதுரங்கம் போலவே. வாரக்கணக்கில் வளர்த்த தன் வீரன் ஒரே பகடையில் சாவதை ஆடுபவர்கள் விரும்பவில்லை. ஆர்னிசன் தன் பழைய பெட்டியைத் துழாவினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காக அவர் முன்பு எழுதிய விதிகள் கிடைத்தன. கப்பல் ஒரு குண்டில் மூழ்காது. கவசத்துக்கு ஒரு தரம், தாங்கும் சக்திக்கு ஓர் எண். அந்த இரண்டையும் கப்பலிலிருந்து கழற்றி மனிதனுக்கு மாட்டினார். இன்று உலகமெங்கும் விளையாட்டுத் திரையின் மூலையில் ஓடும் சிவப்பு உயிர்க்கோடு அந்தக் கப்பல்களின் பேரப்பிள்ளை. வெல்ஸும் சர்ச்சிலும் கப்பலைத் தரைக்கு இழுத்து வந்தார்கள், ஆர்னிசன் அதை ஆளுக்குள் வைத்தார். இந்த இரண்டு ஓடைகளும் ஒன்றையொன்று அறியாமலே ஓடி ஒரே பெயரில் வந்து கலந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆர்னிசனும் கேரி கைகேக்ஸும் சேர்ந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வெளியிட்டபோது மூன்றே வகுப்புகள். சண்டைக்காரர், மந்திரவாதி, குணப்படுத்தும் பூசாரி. பூசாரி வந்ததே ஒரு தற்செயல். பிளாக்மூரில் ஒருவர் ரத்தக்காட்டேரியாக ஆடி அடங்காமல் திரிந்ததால் அவரை மடக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சண்டைக்காரர் கதவருகே நின்று வழியை அடைப்பார். அவரை விட்டுவிட்டுப் பூதம் பின்னாலிருக்கும் மந்திரவாதியை நோக்கிப் போகுமா என்பதை மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் நடுவர் தீர்மானிப்பார். பிரஷ்யாவில் உட்கார்ந்த அதே நடுவர், புதிய சட்டையில்.

பிறகு நடுவர் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற விளையாட்டில் பலர் ஒரே உலகத்தில் எழுத்தால் உலவினார்கள். படம் கிடையாது. அதன் வழியில் நூற்றுக்கணக்கில் நகல்கள் முளைத்தன. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐவர் 1990களின் தொடக்கத்தில் எழுதிய டிக்குமட் அவற்றில் மிகப் பெரிய வித்து. அதை அவர்கள் எல்லோருக்கும் திறந்து கொடுத்ததால் உலகெங்கும் மாணவர்கள் எடுத்து, மாற்றி, வேறு பெயரில் ஓட்டினார்கள்.

கணினிக்கு மனித அறிவு இல்லை. பூதம் யாரை அடிக்க வேண்டும் என்பதற்கு வெறும் விதி ஒன்றைத்தான் எழுதி வைக்க முடியும். விதி என்று வந்துவிட்டால் அதை வளைக்கவும் ஒரு வழி தேவை. டிக்குமட்டின் போர்வீரனுக்கு அதற்காக ஒரு கட்டளை தந்தார்கள். மீட்பு. அந்தக் கட்டளையை அடித்து, அடிபட்டுக்கொண்டிருக்கும் நண்பரின் பெயரைப் போட்டால், போர்வீரன் குறுக்கே பாய்வான், பூதம் அந்த நண்பரை விட்டு இவன் பக்கம் திரும்பும். அதங்கோட்டாசான் கேட்ட தார்நிலை இதுவேதான். டென்மார்க் மாணவர்களுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கூட்டமாகச் சண்டை போடும் இடமெல்லாம் இந்தத் தேவை எழுகிறது, இரண்டு இடத்திலும் கூர்ந்து பார்த்தவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

1999 மார்ச்சில் எவர்க்வெஸ்ட் வந்தது. முப்பரிமாணப் படம், மாதச் சந்தா. டிக்குமட் ஆடியவர்களுக்கு எல்லாம் பழகிய முகமாகவே இருந்ததால், எங்கள் நிரலைத் திருடினீர்களா என்ற கேள்வி எழுந்தது. ஒரு வரி கூட எடுக்கவில்லை என்று எவர்க்வெஸ்ட் எழுதியவர்கள் 2000இல் உறுதிமொழிப் பத்திரமே கொடுத்தார்கள். நிரலை எடுக்கவில்லை, ஆனால் எண்ணத்தை எடுத்து வளர்த்தார்கள். ஒவ்வொரு பூதமும் தன்னைத் தாக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வெறுப்புக் கணக்கை வைத்திருந்தது. அடித்தால் கணக்கு ஏறும், நண்பரைக் குணப்படுத்தினாலும் ஏறும். பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அடி. டேங்கின் சீண்டல் அந்தப் பட்டியலில் அவர் பெயரை மேலே தள்ளும் திறன். ஆட்டக்காரர்கள் இதை அக்ரோ என்றார்கள், சொல் பாறசாலைவரை வந்துவிட்டது.

ஸ்கில் பாயிண்டைக் கிளை கிளையாகப் பிரிந்த மரத்தில் போடும் வழக்கம் வேறொரு வீட்டிலிருந்து வந்த மருமகள். பிரிட்டனில் பிரான்சிஸ் டிரெஷாம் 1980இல் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ பலகை விளையாட்டில் ஒரு கலையைக் கற்றால்தான் அடுத்த கலைக்கு வழி திறக்கும். அதே பெயரில் 1991இல் வந்த சிட் மெய்யரின் கணினி விளையாட்டு அந்த மரத்தை உலகமறியச் செய்தது. அதைப் பார்த்து டேவிட் பிரெவிக் குழுவினர் 2000இல் ‘டயாப்ளோ 2’இல் நாகரிகத்துக்குப் பதில் ஓர் ஆளின் திறமைகளை மரத்தில் தொங்கவிட்டார்கள்.

2004 நவம்பரில் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெறுப்புக் கணக்கையும் மரத்தையும் ஒன்றாகக் கட்டியது. நாற்பது பேர் சேர்ந்து இறங்கும் ரெய்டுகளில் டேங்கைவிட 10 சதவீதம் அதிக வெறுப்பைச் சம்பாதித்தால் பக்கத்தில் நிற்பவர்மேல் பூதம் திரும்பும். தூரத்தில் நிற்பவருக்கு வரம்பு 30 சதவீதம். முதல் விரிவாக்கத்தில் பெரிய பூதங்களின் இரட்டை அடியிலிருந்து முழுக்கத் தப்ப, தற்காப்பு எண் 490ஐத் தொட்டாக வேண்டும். அதைத் தொடாத டேங்கைக் குழுவில் சேர்க்கவே மாட்டார்கள். கவசம், புள்ளி, சட்டையில் பதித்த கல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 490 வரவைப்பதே அன்றைய டேங்குகளின் தலைவேலை.

இந்தக் கணக்குப் பித்தில் ஒரு குறை இருந்தது. எண்ணைச் சேர்த்துவிட்டால் டேங்க் சும்மா நின்றாலே போதும், கேடயம் தன்பாட்டுக்குத் தடுக்கும். 2012இல் அதை மாற்றினார்கள். பெரிய அடி வருவதைக் கண்டு, சரியான நொடியில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும் என்று விதி வந்தது. பரிசையை வெட்டு கிளம்பும் இடத்துக்கே கொண்டுபோகும் தெக்கன் களரிக்காரருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அதே 2012இல் வந்த கில்டு வார்ஸ் 2, டேங்கும் ஹீலரும் வேண்டவே வேண்டாம், எல்லோரும் எல்லாம் செய்யட்டும் என்று துணிந்து பார்த்தது. 2015இல் ரெய்டுகளைக் கொண்டுவந்தபோது சில பூதங்களுக்கு உடல் உறுதி அதிகமுள்ளவரையே துரத்தும்படி விதி எழுத வேண்டியதாயிற்று. கதவு வழியாக அனுப்பிய டேங்க் ஜன்னல் வழியாக வந்துவிட்டார்.

மனிதரோடு மனிதர் மோதும் ஆட்டங்களில் நிலைமை வேறு. எதிரில் இருப்பவர் பூதமல்லர், டேங்கைச் சுற்றிக்கொண்டு நேராக ஹீலரிடம் போகும் அறிவு அவருக்கு உண்டு. டோட்டா விளையாட்டில் ஆக்ஸ் என்ற வீரன் கர்ஜித்தால் சுற்றியிருக்கும் எதிரிகள் சில நொடிகள் அவனை மட்டுமே அடிக்கத் தள்ளப்படுவார்கள், ஆடுபவர் என்ன நினைத்தாலும் சரி. அந்த வகை ஆட்டங்கள் போனுக்கு வந்தபோது நகல் வழக்குகளும் கூடவே வந்தன. 2016இல் வந்த மொபைல் லெஜண்ட்ஸ்மேல் ரையட் நிறுவனம் அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வழக்குப் போட்டது. இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பரில் டேட்டாவை மலிவாக்க, கிராமத்துப் பையன்களும் இந்த ஆட்டங்களில் இறங்கினார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் மொபைல் லெஜண்ட்ஸும் ஒன்று. ஆட்டம் போனது, பையன்கள் வேறு ஆட்டத்துக்கு மாறினார்கள், டேங்க் அங்கேயும் இருந்தார்.

இதற்கிடையில் களரியும் தன் பாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தது. மலபாரில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் சி. வி. நாராயணன் நாயரும் அழிந்துகொண்டிருந்த வடக்கன் முறையை மீட்டெடுத்தார்கள். நாராயணன் நாயரின் மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரியைக் கட்டினார். அதே 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு அடிமுறையின் நடுவே விழுந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழகத்தில், அது அடிமுறை, வர்மக்கலை. இந்தப் பக்கம், கேரளத்தில், தெக்கன் களரி. சுவடும் ஒன்றுதான், 108 வர்மமும் ஒன்றுதான், ஆசான் என்ற அழைப்பும் ஒன்றுதான். வடக்கன் களரிக்கு மேடையும் படமும் வெளிநாட்டுப் பயணமும் கிடைத்தன. தெக்கன் முறைக்கு அதில் பாதி கூடக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். இரண்டு மாநிலங்களின் ஓரத்தில் இருக்கும் கலையை இரண்டு தலைநகரங்களுமே தூரத்துச் சொந்தமாகப் பார்க்கின்றன. நம் விளையாட்டு எழுத்தாளர்கள் கேடய வீரனுக்கு மாதிரி தேடி நார்வேக்கும் ஜப்பானுக்கும் போகும் முன் ஒருமுறை பாறசாலை வந்து போகலாம்.

சரி, அந்த ஒற்றைப் புள்ளிக்கு வருவோம். புதிதாக டேங்க் ஆடுபவர்கள் பெரும்பாலும் உயிரின் அளவைக் கூட்டத்தான் போடுகிறார்கள். எண் பெரிதாவது கண்ணுக்குத் தெரிகிறது, மனத்துக்குத் தெம்பாக இருக்கிறது. ஆனால் இரும்புக் கப்பல் எவ்வளவு பருமனாக இருந்தாலும் எதிரி அதைச் சுற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய்விட்டால் பயனில்லை. நடுவர் எழுந்து போன நாளிலிருந்து டேங்கை டேங்க் ஆக்குவது சீண்டலும் மீட்புமே. குழுவாக ஆடுகிறீர்கள் என்றால் முதல் புள்ளியை அங்கே போடுங்கள். இரண்டாவது புள்ளி, நீங்களே நேரம் பார்த்து அழுத்தும் குறுந்தடுப்புக்கு. மூன்றாவது, உங்களை நீங்களே கொஞ்சம் தேற்றிக்கொள்ளும் திறனுக்கு, வர்ம ஆசானைப் போல. தனியாக ஆடுகிறவராக இருந்தால் இந்த வரிசை பொருந்தாது. அடிக்க வேறு ஆளில்லாதபோது பூதம் தானாகவே உங்களிடம்தான் வரும். அப்போது தடுப்பையும் தேற்றலையும் முதலில் எடுங்கள்.

உயிரின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். லெவல் ஏற ஏறக் கவசத்தோடு அது தானாகக் கூடும். சீண்டலை எந்தக் கவசமும் தருவதில்லை, புள்ளி கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.